மேஸ்திரிக்கும் ஒரு நாற்காலி!

திருக்கழுக்குன்றம் மலைமேல் வேதகிரீசுவரரைத் தரிசிக்க 500 படிகளுக்கு மேல் ஏற வேண்டும். ஏறிக் களைத்து உட்காருகிறவர்கள், "இவ்வளவு கல்லையும் எப்படித்தான் மேலே கொண்டு வந்தார்களோ!" என்று வியக்கிறார்கள்.

உடல் வலிமை மட்டும் போதாது. எத்தனை ஆள் வேண்டும், எந்த வேலை முதலில், பொருள் எப்போது வர வேண்டும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்குக்கு இன்று "கட்டுமான மேலாண்மை" என்று பெயர். கல்லூரிகளில் அது தனிப் படிப்பு.

அதை யார் சொல்லிக் கொடுப்பது?

உளி பிடித்த ஆசிரியர்

பக்கத்திலேயே மாமல்லபுரம் இருக்கிறது. 1957-ம் ஆண்டு சர்க்கார் அங்கே ஒரு சிற்பப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கியது. இன்று அது கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி. முதலில் வைத்தியநாத ஸ்தபதியும், பிறகு அவர் மகன் கணபதி ஸ்தபதியும் அதற்குத் தலைமை வகித்தார்கள். கன்னியாகுமரியில் 2000-ம் ஆண்டு திறக்கப்பட்ட 133 அடி உயர வள்ளுவர் சிலையை அமைத்தவர் கணபதி ஸ்தபதிதான்.

அங்கே தொழில் செய்கிறவரே பாடமும் சொன்னார். தொழில் வேறு, பாடம் வேறு என்று ஆகவில்லை.

என்ஜினீயரிங் கல்லூரிகளில் நிலைமை வேறு. ஆசிரியர் நிறையப் படித்தவர். ஆனால் வேலை நடக்கும் இடத்தில் நின்று பழகியவர் என்று சொல்ல முடியாது. கம்பி வரத் தாமதமானால் என்ன செய்வது? கான்கிரீட் போடும்போது மழை பிடித்துக்கொண்டால்? இதற்கெல்லாம் அனுபவம்தான் பதில் சொல்லும்.

குழு செய்யும் வேலை

இந்தக் குறையைப் போக்க ஏற்பட்டதே "தொழில் துறை ஆலோசனைக் குழு". கட்டடக் கம்பெனி என்ஜினீயர்களும் காண்டிராக்டர்களும் அதில் இருப்பார்கள். எந்தப் பாடம் பழசாகிவிட்டது, எதைப் புதிதாகச் சேர்க்கலாம் என்று யோசனை கூறுவார்கள். மாணவர்களைப் பயிற்சிக்கு அழைத்துக்கொள்வார்கள். வேலையும் கொடுப்பார்கள்.

அமெரிக்காவில் கட்டுமானப் படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்க 1974-ல் ஓர் அமைப்பு ஏற்பட்டது. இப்படிப்பட்ட குழு இல்லாத படிப்புக்கு அது அங்கீகாரம் தருவதில்லை.

நம் நாட்டிலும் முயற்சிகள் நடந்தன. 1983-ல் கட்டுமானக் கம்பெனிகளே சேர்ந்து "நிக்மார்" என்ற கல்வி நிலையத்தை ஏற்படுத்தின. 1998-ல் லார்சன் அண்டு டூப்ரோ கம்பெனி, சென்னை, டெல்லி ஐ.ஐ.டி.களுடன் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கியது. இளம் என்ஜினீயர்களுக்கு உதவித்தொகை கொடுத்து மேல்படிப்புப் படிக்கவைத்து, பிறகு வேலையும் கொடுப்பதே அந்தத் திட்டம்.

61 உயிர்கள்

இது வேலை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அல்ல, உயிர் சம்பந்தப்பட்டது.

2014-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி. சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. 61 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் ஆந்திரா, ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள்.

குழுவில் கம்பெனிக்காரர்கள் மட்டுமே உட்கார்ந்தால் என்ன பேசுவார்கள்? சீக்கிரம் முடிப்பது எப்படி, செலவைக் குறைப்பது எப்படி என்ற பேச்சே மிஞ்சும். "சாரம் ஆடுகிறது, ஐயா!" என்று சொல்ல அங்கே ஆள் வேண்டாமா?

அதனால் அனுபவம் உள்ள மேஸ்திரிக்கும், தொழிலாளர் பிரதிநிதிக்கும் அந்தக் குழுவில் ஒரு நாற்காலி போட வேண்டும். காபி குடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலையும் கூட்டத்தால் யாருக்கும் பயன் இல்லை.

மகனையோ மகளையோ இந்தப் படிப்பில் சேர்க்கப்போகும் பெற்றோர் கல்லூரிக் கட்டடத்தின் அழகைப் பார்த்து மயங்க வேண்டாம். இரண்டு கேள்வி கேட்டால் போதும்.

ஆலோசனைக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்?

பிள்ளைகள் எத்தனை வாரம் வெயிலில் நின்று வேலை பழகுவார்கள்?