‘கபீ கபீ’ என்னும் நோய்

விஞ்ஞானம் பயிலும் நம் சங்கத்து அன்பர்கள் முன் ஒரு வழக்கை வைக்க விரும்புகிறேன். சோதனைச்சாலையில் ஒரு கம்பியின் மின்தடையை அளக்கிறோம். அப்போது அறையின் உஷ்ணநிலை என்ன என்று குறிக்காவிட்டால் செய்முறை ஏட்டில் கையெழுத்து விழாது. இவ்வளவு கண்டிப்பில் பழகிய நாம், மாலையில் லங்காவில் மிஸ்திரியின் முன் பழைய மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு என்ன சொல்கிறோம்? “கிளட்ச் கராப்!” இரண்டே சொற்கள். எப்போதும் இப்படித்தானா என்று அவர் கேட்டால், “கபீ கபீ” என்கிறோம். அதாவது, சில சமயம். அதற்குமேல் நம் இந்தியும் ஓடுவதில்லை, சிந்தனையும் ஓடுவதில்லை. (இவ்வாண்டு காசிக்குப் புதிதாக வந்தோர் மிரள வேண்டாம். லங்கா என்பது நம் பல்கலைக்கழக வாயிலை அடுத்த கடைத்தெரு. கடல் தாண்ட வேண்டியதில்லை.)

அடுத்து நடப்பது யாவரும் அறிந்தது. முதலில் கேபிள் மாற்றப்படும். பத்து நாளில் நோய் திரும்பும். பிறகு பிளேட்டுகள், அதன்பின் ஸ்பிரிங்குகள். வீட்டிலிருந்து வரும் பணத்தில் பாதி இப்படிக் கரைந்தபின், “பழைய வண்டி அப்படித்தான்” என்று நாமே ஒரு தத்துவம் பேசிக்கொள்கிறோம். என் கருத்து இதுதான்: பாகங்களை மாற்றிப் பார்ப்பது நோயறிதல் ஆகாது. ‘சில சமயம்’ என்பது கோளாற்றின் குணமன்று. நம் அறியாமைக்கு நாம் இட்ட பெயர். கோளாறு தனக்குரிய நிபந்தனை கூடும்போதெல்லாம் தவறாமல் வருகிறது. அந்த நிபந்தனை எது என்பதைத்தான் நாம் கேட்பதில்லை.

முதலில் இரண்டு நோய்களைப் பிரித்தறிய வேண்டும். எஞ்சின் உறுமி வேகமெடுக்கிறது, வண்டியோ அதற்கேற்ப முன்னேறவில்லை, இது வழுக்கல். பிடியை முழுதும் அழுத்தியும் வண்டி மெல்ல நகர்கிறது, நின்ற இடத்தில் நியூட்ரல் கிடைக்க மறுக்கிறது, இது இழுப்பு. ஒன்று தகடுகள் நன்றாகச் சேராத நோய். மற்றது நன்றாகப் பிரியாத நோய். இரண்டுக்கும் மருந்து நேர் எதிரானது. ‘கராப்’ என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்துக் கொடுத்தால் மிஸ்திரி என்ன செய்வார், பாவம்!

நம் விடுதிகளில் நிற்பவற்றுள் பழைய புல்லட்டையே எடுத்துக்கொள்வோம். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்த பின் திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கிய வண்டி அது. நம் ஊர்க்காரன் என்றே சொல்லலாம். அதன் பழைய மாதிரியில் எஞ்சின் வேறு, கியர்ப்பெட்டி வேறு. பிடியை அழுத்தினால் கேபிள் ஒரு சிறு நெம்புகோலை இழுக்கும். அந்த நெம்புகோல் கியர்ப்பெட்டியின் உள்ளீடற்ற தண்டுக்குள் செல்லும் ஓர் எஃகுக் கம்பியைத் தள்ளும். கம்பி மறுபுறம் தகடுகளைப் பிரிக்கும். நெம்புகோல் ஊன்றியிருப்பதோ அலுமினிய உறையின் மீது. இங்கேதான் நம் பௌதிகம் வேலைக்கு வருகிறது.

எஃகு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு நீளும். அலுமினியம் 23 பங்கு. நீளம் 200 மி.மீ. என்றும் சூடு 60 டிகிரி ஏறியது என்றும் வைத்துக்கொண்டால், வித்தியாசம் 0.13 மி.மீ. மயிரிழைதானே என்று சிரிக்க வேண்டாம். தகடுகள் இரண்டு மி.மீ. விலகுவதற்குப் பிடியின் நுனி நான்கு சென்டிமீட்டர் வருகிறது எனில், அந்த மயிரிழை பிடியில் இரண்டரை மி.மீ. ஆகிறது. பிடியில் நாம் வைக்கும் தளர்ச்சியே இரண்டு மூன்று மி.மீ.தான். ஆகவே குளிர்ந்த நிலையில் தாராளமாகத் தளர்த்தி வைத்த கிளட்ச், சூடேறியதும் முழுதும் பிரியாமல் இழுக்கிறது. லங்காவில் புறப்படும்போது ஒன்றுமில்லை. சோனார்புரா, மதன்புரா நெரிசலில் நூறு முறை பிடியை அழுத்திக் கோதௌலியா சேரும்போது நியூட்ரல் மறைந்துவிடும். திரும்பிவந்து மிஸ்திரியிடம் வரிசையில் ஒரு மணி நேரம் நிறுத்துகிறோம். வண்டி குளிர்ந்துவிடுகிறது. அவர் ஏறிப் பார்த்து, “டீக் ஹை” என்கிறார். வைத்தியரைக் கண்டதும் நிற்கும் பல்வலி போல! அவர் பொய் சொல்லவில்லை. நாம் கொண்டுபோய்க் காட்டியது நோயில்லாத வண்டி.

காசியின் பருவமும் இதில் விளையாடுகிறது. ஜனவரிக் காலையில் எண்ணெய் தடித்துத் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; முதல் கியர் ‘டங்’ என்று விழும். இது நோயே அன்று. கிளப்புமுன் பிடியை அழுத்திக்கொண்டு, உதை வெறுமனே இறங்கும்வரை சில முறை உதைத்தால் தகடுகள் பிரிந்துவிடும். இதற்கும் புதுப் பிளேட் வாங்கியோர் உண்டு.

சூடும் குளிரும் அல்லாத நிபந்தனைகளும் இருக்கின்றன. என் விடுதி அன்பர் ஒருவரின் வண்டி சந்துகளில் மட்டும் வழுக்கியது. நேர்ச் சாலையில் சிங்கம் போல் ஓடியது. பிளேட்டும் ஸ்பிரிங்கும் மாற்றியாயிற்று. பிறகு எஞ்சினைக் கிளப்பாமலே ஓர் அளவுகோலை வைத்துப் பார்த்தோம். கைப்பிடி நேராக இருந்தபோது தளர்ச்சி 3 மி.மீ.; இடப்புறம் முழுதும் திருப்பியபோது சுத்தமாக இல்லை. கேபிளின் உறை டாங்கின் அடியில் சிக்கி இழுபட்டு, பிடியைத் தொடாமலே கிளட்சைப் பாதி விலக்கிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிட வேலை, செலவு ஒன்றுமில்லை. கார்களுக்கான, உராய்வைக் குறைக்கும் எண்ணெயைக் கிளட்ச் அறையில் ஊற்றினாலும் இவ்வாறே வழுக்கும். சூடு, திருப்பம், எண்ணெய் எதற்கும் கட்டுப்படாமல் இழுப்பு வந்தால்தான் மூடியைத் திறந்து, டிரம்மின் பள்ளங்களில் தகடுகளின் காதுகள் வெட்டிய தழும்பு உண்டா என்று பார்க்க நியாயமுண்டு. அந்தத் தழும்பில் காது எப்போது மாட்டும், எப்போது மாட்டாது என்று யாராலும் சொல்ல இயலாது.

“பிளேட் விலை என்ன பெரிது? எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது” என்பார் உண்டு. தீராது. மூடியைத் திறந்து மூடும்போது கேபிளும் திருகும் புதிதாகச் சரிசெய்யப்படும்; எண்ணெயும் மாறும். ஒரே நாளில் நான்கு மாற்றம். எது குணப்படுத்தியது என்று யாருக்குத் தெரியும்? தடயம் அழிந்தது, அவ்வளவே. நோய் மறைந்திருக்கும் அந்தப் பத்து நாள்தான் மிக ஆபத்தானது, நம்பிக்கையோடு ஓட்டுவோம். கோதௌலியாவில் கங்கைக்கு நடந்துசெல்லும் கிழவிகளுக்கு இரண்டடி பின்னால், பிடியை அழுத்தியும் நிற்காமல் நகரும் வண்டியை எண்ணிப் பாருங்கள்.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது வேறொன்று. படிப்பு முடிந்து ஊர் திரும்பும் மூத்தோர் தம் வண்டியை இளையோருக்கு விற்கும்போது, இந்தக் ‘கபீ கபீ’யை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அதே ஊர், அதே மொழி என்று நம்பி வாங்கும் முதலாண்டு மாணவனிடம் இதை மறைப்பது தகுமா? வண்டியோடு ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகமும் கைமாற வேண்டும். தேதி, வெயிலா பனியா, எத்தனை தூரம் ஓடிய பின், நேராகவா திருப்பத்திலா, வழுக்கலா இழுப்பா, அன்று எதைத் தொட்டோம் என்று எழுதினால் போதும். ஒரு நாளைக்கு ஒன்றுக்குமேல் தொடவும் வேண்டாம்.

தேர்வுக்குப் பின் வண்டி வாங்க எண்ணுவோர், விடியற்காலையில் குளிர்ந்து நிற்கும் வண்டியைப் பார்த்து விலை முடிக்க வேண்டாம். கோதௌலியா வரை நெரிசலில் போய்வந்து, எஞ்சின் சுடச்சுட இருக்கும்போதே நின்று நியூட்ரல் தேடிப் பாருங்கள். பழைய மாதிரிப் புல்லட்டானால், நியூட்ரலுக்கென்று அதில் தனியாக ஒரு நெம்புகோல் உண்டு. இரண்டாம் கியரிலிருந்தோ அதற்கு மேலிருந்தோ ஒரே மிதியில் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, இழுப்பை அழகாக மறைத்துவிடும். சோதிக்கும்போது அதன்மேல் கால் வைக்காதீர்கள்.