ஜெயித்த பணத்துக்குச் சட்டம் உண்டா?

நவம்பரில் மகாலட்சுமி மைதானத்தில் குதிரை ஓடத் தொடங்கினால் நம் சங்கத்துக்கும் ஒரு புதுவகை மனு வரத் தொடங்கிவிடும். கூலி பாக்கிக்கு வருவார்கள், ரேஷன் கார்டுக்கு வருவார்கள். அது நம் வேலை. ஆனால் சென்ற சீசனில் தோல் பட்டறைத் தோழர் ஒருவர் வந்து, "புக்கி எனக்கு ரூ.28,000 தரணும், வாங்கிக் குடுங்க அண்ணாச்சி" என்று நின்றார். அவர் கட்டிய குதிரை ஜெயித்தது உண்மை. டீக்கடையில் பந்தயம் வாங்கியவனை மறுநாளிலிருந்து காணோம். போலீசுக்குப் போகலாமா என்று கேட்டார். போனால் அவர் மேலேயே வழக்குப் பாயலாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

தோழர்களே, விஷயம் இதுதான். இங்கே நடப்பிலுள்ள 1887-ஆம் ஆண்டு சூதாட்டத் தடுப்புச் சட்டப்படி, அரசு அனுமதித்த இடத்தில், லைசென்ஸ் புக்கியிடமோ டோட் கவுண்டரிலோ கட்டினால்தான் ரேஸ் பந்தயம் சூது ஆகாது. தெருவில் கட்டினால் சூது. அதற்கும் மேலே 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு இருக்கிறது. பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்த பணத்தைக் கேட்டு எந்தக் கோர்ட்டிலும் வழக்குப் போட முடியாது. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள்! ஜெயித்த குதிரைக்கென்று திரட்டும் பரிசு ரூ.500-க்குக் குறையாமல் இருந்தால் அது செல்லும். அதாவது குதிரை முதலாளியின் பரிசுக்குச் சட்டம் காவல். சீட்டு வாங்கியவனுக்குக் கைவிரிப்பு.

சரி, மைதானத்துக்குள்ளேயே போய் டோட்டில் கட்டினால்? பணம் கிடைக்கும், மறுக்கவில்லை. எல்லோரும் கட்டியதை ஒன்றாகச் சேர்த்து, கிளப்பின் கமிஷனையும் வரியையும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஜெயித்த சீட்டுகளுக்குப் பங்கிடுகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ரேஸ் பந்தயத்துக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். பிறகு, வென்ற தொகை ரூ.10,000-க்கு மேல் போனால் கவுண்டரிலேயே 30 சதவீத வருமான வரியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத கூலிக்காரருக்கும் இதே கதிதான்.

இன்னொன்றைக் கவனியுங்கள். சீசன் முழுதும் ரூ.40,000 தோற்று ஒரே ஒரு நாள் ரூ.30,000 ஜெயித்தவருக்குக் கணக்குப்படி நட்டம் ரூ.10,000. வரி இலாகாவுக்கு அது கணக்கில்லை. முப்பதுக்கு ஒன்பதாயிரம் எடு என்கிறது. ஆனால் பந்தயக் குதிரை வளர்க்கும் முதலாளிக்கு நட்டம் வந்தால் அதே தொழிலின் வருமானத்தில் 4 ஆண்டுகள் வரை கழித்துக்கொள்ளலாம்! இது என்ன நியாயம்?

தமிழ்நாட்டில் 1974-ல் கலைஞர் அரசு ரேஸை ஒழிக்கச் சட்டம் போட்டது. வழக்குகள் நீண்டன. 1996-ல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் சூதல்ல, திறமை விளையாட்டு என்றது. யாருடைய திறமை? குதிரையின் வம்சமும் ஓட்டமும் ஜாக்கியின் எடையும் ஆங்கிலப் புத்தகத்தில் அச்சாகிறது. நம் ஆள் குதிரையின் பெயரைக் கேட்டுக் கட்டுகிறான்.

ரேஸை மூடு என்று நாம் கேட்டால் சிரிப்பார்கள். எனவே இதையாவது கேட்கிறோம். நூறு ரூபாய் சீட்டில் கிளப்புக்கு எவ்வளவு, சர்க்காருக்கு எவ்வளவு, பங்கிட மிஞ்சுவது எவ்வளவு என்று மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் ஒவ்வொரு கவுண்டரிலும் பலகை வைக்கட்டும். முதலாளிக்கு உள்ள நட்டக் கழிவு தொழிலாளிக்கும் வரட்டும். இல்லையேல் இருவருக்கும் வேண்டாம்.

அந்தத் தோழர் கட்டிய ரூ.2,000 வட்டிக்கு வாங்கியது. பந்தயத்துக்கென்று தெரிந்தே கொடுத்த கடனையும் கோர்ட்டில் கேட்க முடியாதபடி பழைய பம்பாய் மாகாணத்துக்கு 1865-லேயே ஒரு சட்டம் உண்டு. அதை அவருக்குப் படித்துக் காட்டினோம். "வட்டிக்காரன் கோர்ட்டுக்கா வாரான்? சனிக்கிழமை வீட்டுக்கில்ல வாரான்" என்றார்.