டெஸ்க்குக்குள் ஒரு தூக்குக் கைதி

நாளைக்குக் கல்யாணம். அதற்கு முன் ஒரு கடமை பாக்கி. முன்னாள் புருஷனின் ஆபீஸுக்கே போய், 'நான் போகிறேன், இனி உன் சங்காத்தமே வேண்டாம்' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வரவேண்டும். நாலு மணிக்கு ரயில். வருங்காலப் புருஷன் வெளியே பெஞ்சில் காத்திருக்கிறான். பத்தே நிமிஷத்தில் முடிகிற வேலை.

முடிந்தால் அப்புறம் படம் ஏது?

'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' 1940-ல் வந்த ஹாலிவுட் காமெடி. டைரக்டர் ஹோவர்ட் ஹாக்ஸ். முன்னாள் புருஷன் வால்டர் ஒரு பத்திரிகை ஆசிரியர் (கேரி கிராண்ட்). அவள் ஹில்டி, அவருடைய பத்திரிகையின் நம்பர் ஒன் ரிப்போர்ட்டர் (ரோஸலிண்ட் ரஸ்ஸல்). பெஞ்சில் இருக்கும் அப்பாவி புரூஸ், இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் (ரால்ஃப் பெல்லாமி). 'ஆள் எப்படி இருப்பான்?' என்று ஒரு இடத்தில் கேட்கிறார்கள். 'சினிமாவில் வருவானே ரால்ஃப் பெல்லாமி, அவன் மாதிரி' என்கிறார் வால்டர். 1940-லேயே இந்தக் குசும்பு!

கதை புதிசில்லை. சிகாகோவில் ரிப்போர்ட்டர்களாக இருந்த பென் ஹெக்ட், சார்லஸ் மெக்ஆர்தர் இருவரும் சேர்ந்து எழுதி, 1928-ல் மேடையேறிய 'தி ஃப்ரண்ட் பேஜ்' நாடகம்தான். 1931-லேயே ஒரு தடவை படமாகிவிட்டது. நாடகத்தில் ஹில்டி ஆண். ஹாக்ஸ் ஒரு நாள் சும்மா ஒரு பெண்ணை விட்டு ஹில்டியின் வசனத்தைப் படிக்கச் சொன்னாராம். 'அட, இது இன்னும் நன்றாக இருக்கிறதே!' என்று ஹீரோவை ஹீரோயின் ஆக்கிவிட்டார். பாத்திரத்தின் பெயரைக்கூட மாற்றவில்லை.

மொத்தம் 92 நிமிஷம். வசனம் மூன்று படத்துக்குத் தேறும். ஒருத்தர் வாக்கியத்தை முடிக்குமுன் அடுத்தவர் ஆரம்பித்துவிடுகிறார். நடுவில் டெலிபோன் வேறு. சப்டைட்டில் போட்டுக்கொண்டு பாருங்கள், கண்ணுக்கு மூச்சு வாங்கும்.

பி.காம். படித்த புத்தி எங்கே போகும்? நான் இந்தப் படத்தைப் பேரேடு மாதிரிதான் பார்த்தேன். 'போகிற போக்கில் ஒரே ஒரு பேட்டி எடுத்துக் கொடு' என்று கெஞ்சுகிறார் வால்டர். சரி, அதற்கு என்ன தருவாய்? புரூஸிடம் ஒரு லட்சம் டாலருக்கு ஆயுள் இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொள், பிரீமியத்தைச் செக்காகக் கொடு என்கிறாள் ஹில்டி. செக் வந்ததும் புரூஸிடம், 'இதைத் தொப்பியின் உள்துணிக்குள் செருகி வை' என்று உத்தரவு. முன்னாள் புருஷன் ஆயிற்றே, பர்ஸ் பத்திரமாக இருக்காது என்று அவளுக்குத் தெரியும். பர்ஸ் என்ன பர்ஸ், ஆளே பத்திரமாக இல்லை. வால்டரின் கைங்கரியத்தில் புரூஸ் ஒரே நாளில் மூன்று தடவை கம்பி எண்ணுகிறான். ஒரு தகவலுக்காக ஹில்டி கொடுத்த 450 டாலரை வால்டர் நாணயமாகத் திருப்பிக் கொடுக்கிறார். அத்தனையும் கள்ள நோட்டு!

இந்தப் பேரேட்டில் ஒரு பக்கம் மட்டும் சிரிப்பு வராது. ஏர்ல் வில்லியம்ஸ். அவனைத்தான் ஹில்டி பேட்டி எடுக்கவேண்டும். ஒரு போலீஸ்காரரைச் சுட்டுவிட்ட தூக்குக் கைதி. விடிந்தால் தூக்கு. தேர்தல் நெருங்குகிறது, ஓட்டுக்காக மேயருக்கு அவன் தொங்கியாக வேண்டும். கவர்னரின் நிறுத்தி வைக்கும் உத்தரவு வந்தபோதுகூட, கொண்டு வந்த ஆளுக்கு முனிசிபல் உத்தியோகம் தருவதாகச் சொல்லி அதை அமுக்கப் பார்க்கிறார்.

அந்த ஏர்ல் யார் தெரியுமா? கணக்கெழுதுகிற குமாஸ்தா. வேலை போய், பார்க்கில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தவன். நம்ம ஜாதி சார்! நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஹில்டி கூண்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் அத்தனை வேகமும் அடங்கிவிடுகிறது. குரல் இறங்குகிறது. பார்க்கில் என்ன கேட்டாய் என்கிறாள். 'எந்தப் பொருளும் உபயோகத்துக்காகவே உற்பத்தியாக வேண்டும்' என்று யாரோ பேசியது அவனுக்கு ஞாபகம் வருகிறது. அப்படியானால் துப்பாக்கி எதற்காகச் செய்கிறார்கள்? சுடுவதற்கு. அதனால்தான் சுட்டாயா? அவன் யோசித்து, ஆமாம் என்று தலையாட்டுகிறான். அவனைக் காப்பாற்ற ஒரு காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் காரணம் யாருடையது? அவனுடையதா, அவள் எடுத்துக் கொடுத்ததா? நல்லெண்ணத்தோடுதான் செய்கிறாள். அதுதான் நெருடுகிறது.

அப்புறம் ஏர்ல் தப்பிக்கிறான். எப்படி? குற்றத்தை நடித்துக் காட்டட்டும் என்று மனநல டாக்டர், ஷெரீஃபின் துப்பாக்கியையே வாங்கி அவன் கையில் கொடுத்தார். அவன் நடிக்கவில்லை, நிஜமாகவே சுட்டுவிட்டு ஓடினான். ஓடி வந்த இடம் நிருபர்கள் அறை! ஹில்டி அவனை ஒரு டெஸ்க்குக்குள் ஒளித்து வைக்கிறாள். சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிற நேரத்தில் மாலி வருகிறாள். ஏர்லிடம் பரிவாக இருந்த ஒரே ஜீவன். 'தூக்கு மேடையில் அவனைக் கல்யாணம் செய்துகொள்வேன்' என்று அவள் சொல்லாததை எல்லாம் சொன்னதாக எழுதி அவளைச் சந்தி சிரிக்க வைத்தவர்கள் அங்கே சீட்டாடுகிற இதே நிருபர்கள். ஏர்ல் எங்கே என்று அவர்கள் ஹில்டியைக் குடைய, கவனத்தைத் திருப்ப மாலி ஜன்னல் வழியாகக் குதித்துவிடுகிறாள். எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள். உயிர் இருக்கிறது. அவ்வளவுதான், செய்தி ஓடுகிறது. நின்று வருத்தப்பட அந்த அறையில் யாருக்கும் நேரமில்லை.

ஏர்ல் பிடிபடும்போது ஆளாளுக்கு டெலிபோனை எடுத்து, ஒரே அறையில் நின்றுகொண்டு, நடக்காததை எல்லாம் நடந்ததாக அலறுகிறார்கள். அவன் எதிர்ப்பே காட்டவில்லை. லைனில் பயங்கர மோதல் நடக்கிறது. படத்தின் முதல் கார்டிலேயே, இது பத்திரிகைத் தொழிலின் இருண்ட காலத்துக் கதை, இன்று அப்படியெல்லாம் இல்லை என்கிற தொனியில் ஒரு டிஸ்கி போடுகிறார்கள். இன்றைக்கு அந்த டெலிபோன் நம் சட்டைப் பையில் இருக்கிறது. காலையில் வந்ததைப் படிக்காமலே நாலு குரூப்புக்குத் தள்ளிவிட்டு ஆபீஸ் பஸ் பிடிக்கிறோம்.

ஹில்டியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 'இந்த வேலையே வேண்டாம்' என்று தினமும் சொல்லிக்கொண்டு தினமும் போகிறவர்களுக்கு அவளைப் புரியும். கடைசியில் ரயிலும் போச்சு, புரூஸும் போனான். வால்டர் கையை வீசிக்கொண்டு முன்னே நடக்க, தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடுகிறாள்.

ஏர்ல்? தண்டனை நிறுத்தப்பட்டுவிட்டது, பிழைத்தான். ஆனால் ஆள் எங்கே இருக்கிறான், எப்படி இருக்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. மறுநாள் பேப்பருக்கு வேறு செய்தி வந்துவிடும்.

பி.கு.: இதன் காப்புரிமையை அமெரிக்காவில் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். அதனால் இன்டர்நெட்டில் தேடினால் முழுப் படமும் கிடைக்கும். பார்க்கும்போது போனை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.