கையெழுத்து மேலே, கஷ்டம் கீழே

பாகான் டாலாம்

ஒரு கம்பெனி நட்டப்பட்டால் உண்மையில் நட்டப்படுகிறவர் யார்? மேல்மட்டத்தில் உள்ளவர்கள் பிழையான முடிவு ஒன்றைச் செய்தால் அந்த ஆண்டின் லாபப் பங்கு குறையலாம். ஒரு டைரக்டர் விலகிப் போகலாம். போகும்போது அவருக்குப் பிரிவுப் பணம் உண்டு. வேறொரு கம்பெனியில் நாற்காலியும் உண்டு. பால்மரம் வெட்டுகிறவருக்கு வேலை போகும், வேலையோடு லயத்து வீடு போகும், வீட்டோடு பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் போகும். அவர் பெயரைச் செக்ரோலில் எழுதிவந்த கிராணியாருக்கும் மறுமாதம் அதே கதிதான்.

இது கற்பனைப் பேச்சு அல்ல. தோட்டத் துண்டாடல் என்ற சொல்லை நம் பெரியவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 1950-ம் ஆண்டுகளில் மலாயாவில் தோட்டம் வைத்திருந்த ஐரோப்பியக் கம்பெனிகள் பல, நிலத்தை விற்கத் தொடங்கின. சுதந்திரம் வந்தால் தங்கள் முதலுக்கு என்ன ஆகுமோ என்ற அச்சம் ஒருபுறம். நல்ல விலை கிடைக்கும்போதே கைமாற்றிவிடலாம் என்ற ஆசை மறுபுறம். முடிவு செய்தது கடல் கடந்த நகரத்து மேசையில். பெரட்டுக் களத்தில் நின்றவர்களிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வாங்கியவர்களில் பலர் ரப்பர் வளர்க்க வந்தவர்கள் அல்லர். மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்க வந்தவர்கள். பரந்து கிடந்த தோட்டம் பத்து ஏக்கர், இருபது ஏக்கர் என்று துண்டு துண்டாயிற்று. 100 ஏக்கருக்குக் குறைந்த நிலம் கணக்கில் தோட்டமே அல்ல. அது சிறு உடைமை. தோட்டம் என்ற பெயர் போனதும் அந்தப் பெயரோடு வந்த வசதிகளும் தேய்ந்தன. லயத்துக் கூரை ஒழுகினால் யாரிடம் முறையிடுவது? ஆயாக் கொட்டகையை யார் நடத்துவது? குழாய்த் தண்ணீருக்கு யார் பொறுப்பு? ஆளுக்கு ஒரு துண்டு வாங்கிய முதலாளிகள் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். நிரந்தர வேலை பல இடங்களில் குத்தகை வேலை ஆயிற்று.

அந்த முடிவு தொழிலுக்காவது நன்மை செய்ததா? அதுவும் இல்லை. புதுக் கன்று நட்டால் பால் வெட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். கடன் வாங்கித் துண்டு நிலம் வாங்கியவர் எப்படிக் காத்திருப்பார்? இருக்கிற கிழட்டு மரத்தையே பட்டை தேய வெட்டச் சொல்வார். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் உங்கு அஜீஸ் ஆராய்ந்து 1962-ம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டார். தொழிலாளருக்கும் நாட்டின் ரப்பர்த் தொழிலுக்கும் அதனால் விளைந்த கேட்டை அந்த அறிக்கை எடுத்துக் காட்டியது. பேராசிரியர் ஏட்டில் எழுதியதை நம் லயத்துப் பெண்கள் அதற்கு முன்பே தட்டுமுட்டுச் சாமான்களோடு சாலையில் நின்று அறிந்திருந்தார்கள்.

தொழிலாளர் கைகட்டி இருந்துவிடவில்லை. 1954-ம் ஆண்டிலேயே தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகியிருந்தது. 1960-ம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணம் தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. பின்னர் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ என்ற பிரிவும் வந்தது. அதன்படி தோட்ட நிலத்தைக் கைமாற்ற தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் வீடு இழந்தவர்களுக்கு அது காலம் கடந்து வந்த சட்டம்.

இந்த நோய் தோட்டத்துக்கு மட்டும் உரியதல்ல. நம் நாட்டு விமானக் கம்பெனியைப் பாருங்கள். 1994-ம் ஆண்டில் மலேசிய விமானக் கம்பெனியின் பங்குகளில் நூற்றுக்கு 32, பங்கு ஒன்று 8 ரிங்கிட் என்று தனியார் கைக்குப் போயிற்று. நட்டம் பெருகியபின் 2000-ம் ஆண்டில் அரசாங்கம் அந்தப் பங்குகளை அதே 8 ரிங்கிட்டுக்குத் திரும்ப வாங்கிக்கொண்டது. அன்று சந்தையில் அவற்றின் விலை அதில் பாதிகூட இல்லை. அதன் பிறகும் நட்டம் ஓயவில்லை. 2014-ம் ஆண்டில் இரண்டு பெரும் விபரீதங்களும் சேர்ந்தன. 2015-ம் ஆண்டில் ஏறத்தாழ 20,000 ஊழியரில் 6,000 பேர் வேலை இழந்தார்கள். அந்த 6,000 பேரில் 1994-ம் ஆண்டு ஒப்பந்தத்தைப் பற்றி யாருடைய யோசனையாவது கேட்கப்பட்டதா?

நிர்வாகம் செய்வது நிர்வாகத்தின் வேலை. அதை நாம் மறுக்கவில்லை. ரப்பர் விலை சரிவதும் உலகச் சந்தை ஆடுவதும் எந்தத் துரையின் கையிலும் இல்லை. சில நேரம் ஆட்குறைப்பு தவிர்க்க முடியாததாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு மரத்தின் பட்டை இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்பது வெட்டுகிறவருக்குத் தெரியும். ஸ்டோர்க் கணக்கில் எங்கே ஓட்டை என்பது கிராணியாருக்குத் தெரியும். அவர்களைக் கேளாமல் முடிவு செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு காட்டில் நடப்பதற்குச் சமம். 1967-ம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டம் இடமாற்றம், ஆட்குறைப்பு, வேலைப் பங்கீடு போன்றவற்றைக் கூட்டு ஒப்பந்தக் கோரிக்கைக்கு வெளியே நிறுத்தியது. பிறகு வந்த திருத்தங்கள் ஓரளவு பேச இடம் தந்திருக்கின்றன. அந்த இடத்தை நாம் விடாமல் பயன்படுத்த வேண்டும்.

தோழர்களே, இன்று கையில் இருக்கும் உரிமையையும் தெரிந்துகொள்ளுங்கள். 1980-ம் ஆண்டின் வேலைநீக்கப் பலன் விதிகளின்படி, ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஓர் ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்கு உட்பட்டவருக்கு 15 நாள். அதற்குக் குறைந்தவருக்கு 10 நாள். தோட்டம் கைமாறும்போது புதிய முதலாளி ஏழு நாளுக்குள், பழைய நிலைக்குக் குறையாத வேலை தர முன்வர வேண்டும். இல்லையென்றால் பழைய முதலாளி பலனைக் கொடுத்தாக வேண்டும். புதியவரிடம் வேலையைத் தொடர்ந்தால் பழைய ஆண்டுகளும் சேர்த்தே எண்ணப்படும்.

இதன் பொருளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய கம்பெனியில் 11 ஆண்டு, புதிய கம்பெனியில் 4 ஆண்டு உழைத்தவருக்குச் சேர வேண்டியது 300 நாள் சம்பளம். பழைய செக்ரோல் காணாமல் போய், நாலு ஆண்டு மட்டுமே ஏட்டில் நின்றால் கைக்கு வருவது 60 நாள் சம்பளம். ஒரு குடும்பத்தின் 240 நாள் உணவு ஒரு கட்டுக் காகிதத்தில் இருக்கிறது!

ஆகவே கிராணியார்களே, தோட்டம் விற்பனை என்ற பேச்சு எழுந்தவுடன் பெயர், சேர்ந்த தேதி, சம்பளம் மூன்றும் ஏட்டில் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த ஏட்டில் உங்கள் பெயரும் இருக்கிறது. பால்வெட்டுத் தோழர்களே, ஒவ்வொரு மாதச் சம்பளச் சீட்டையும் பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். ஆட்குறைப்புக்கு 30 நாள் முன்பே தொழில் இலாகாவுக்கு முதலாளி அறிவிக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். அறிவித்தாரா என்று சங்கத்தின் மூலம் கேளுங்கள்.

மேலே செய்த முடிவின் விலையைக் கீழே இருப்பவர்தான் கொடுக்க வேண்டும் என்றால், அந்த முடிவு கையெழுத்தாகும் முன் அதைக் கேள்வி கேட்கும் உரிமையும் அவருக்கு வேண்டும். அடுத்த கிளைக் கூட்டத்தில் இந்த ஒன்றையே முதல் தீர்மானமாக வையுங்கள்.