திரை பதில் சொல்லாதபோது

எங்கட பீடத்திலை லினக்ஸ் பாவிக்கிற ஆக்கள் மெல்ல மெல்லக் கூடி வருகினம். கொள்கைக்காக மாறினவை கொஞ்சப்பேர்தான். மற்றவைக்கு வேற வழியில்லை. 2025 ஒக்ரோபர் 14 உடன் விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ற் நிறுத்திவிட்டது. அண்ணாவோ அக்காவோ பாவிச்சுத் தந்த பழைய லப்ரொப்புகள் பல விண்டோஸ் 11ஐ ஏற்காது. புதுசு வாங்கக் காசும் இல்லை. ஆகவே உபுண்டுவோ மிண்டோ போட்டு ஓட்டுகிறோம்.

எழுத, வாசிக்க, படம் பார்க்க எல்லாம் சரிவரும். வில்லங்கம் வாறது பிரசென்ரேசன் நாளில். புரொஜெக்ரரைக் கொழுவினால் எழுத்தெல்லாம் பெருத்து, மங்கலாய் வரும். செற்றிங்ஸுக்குள் போய்ப் பார்த்தால் 1024 × 768க்கு மேல் ஒரு அளவும் இல்லை. "லினக்ஸ் எண்டா இப்பிடித்தான்" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்கும். அடுத்த கிழமை அந்தப் பிள்ளை களவாய் இறக்கின விண்டோஸுக்குத் திரும்பிவிடும்.

இது அவசரத் தீர்ப்பு என்பதுதான் எங்கட கருத்து. காரணத்தை விளங்கிக்கொள்ள கொம்பியூட்டர் படிச்சிருக்கத் தேவையில்லை.

மொனிற்றரோ புரொஜெக்ரரோ, தன்னைப் பற்றிய ஒரு சின்னக் குறிப்பை உள்ளுக்குள் வைத்திருக்கும். தன்னை ஆர் செய்தது, எந்தெந்த அளவில் படம் காட்ட ஏலும், அதில் எது தனக்குப் பொருத்தம் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஈ.டி.ஐ.டி என்று பெயர். 1994இல் வந்த முறை. அடிப்படைக் குறிப்பு வெறும் 128 பைட்தான். வயரைக் கொழுவினதும் கணினி "நீ ஆர்?" என்று கேட்கும், திரை இந்தக் குறிப்பைப் பதிலாய் அனுப்பும்.

வி.ஜி.ஏ வயரில் 15 பின்கள். படம் சில பின்களால் போகும். இந்தப் பதில் 12ஆம், 15ஆம் பின்களால் வரும். அந்தப் பின் முறிந்திருந்தாலோ, மலிவான அடப்ரர் ஒன்று இடையில் நின்று குழப்பினாலோ, படம் வரும், பதில் வராது. பதில் இல்லாதபோது கணினி துணிந்து பெரிய அளவை அனுப்பாது. அநேகமாக எல்லாத் திரையும் தாங்கக்கூடிய அளவோடு நின்றுவிடும். அதுதான் அந்த 1024 × 768. பழைய குழாய் மொனிற்றர்களுக்குப் பொருந்தாத சைகையை அனுப்பினால் மொனிற்றரே பழுதாகலாம் என்று ஒரு காலத்தில் எச்சரித்தார்கள். அதை நினைத்தால் இந்தத் தயக்கம் நியாயமானது.

ஆகவே முதலில் வயரையும் அடப்ரரையும் மாத்திப் பாருங்கோ. பிறகு டேர்மினலைத் திறந்து எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர் என்ற ஆறு எழுத்தையும் சின்ன எழுத்தில் சேர்த்து அடியுங்கோ. எந்தத் திரை கொழுவப்பட்டிருக்கிறது, என்னென்ன அளவுகள் இருக்கின்றன என்று பட்டியல் வரும். நட்சத்திரம் போட்டது இப்ப ஓடுகிற அளவு. கூட்டல் குறி போட்டது திரைக்குப் பொருத்தமான அளவு. தேவையான அளவு பட்டியலில் இல்லாவிட்டால் இதே கட்டளையால் அதைச் சேர்க்கவும் ஏலும். பிழைத்துத் திரை கறுத்தாலும் பயமில்லை. லப்ரொப்பை நிப்பாட்டிப் போட்டால் பழையபடி வந்துவிடும். மிண்ட் வழமையாக எக்ஸ்11இல் ஓடுவதால் இது அங்கே சரிவரும். உபுண்டுவின் புதிய பதிப்புகள் வேலாண்டில் ஓடுகின்றன. அங்கே இப்படி அளவு சேர்க்க ஏலாது. வயரைத்தான் பார்க்க வேணும்.

லினக்ஸுக்கு வெள்ளையடிக்க நாங்கள் வரவில்லை. செற்றிங்ஸ் சன்னல் குறுகின பட்டியலை மட்டும் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கிறது. "இந்தத் திரையிடமிருந்து பதில் வரவில்லை" என்று ஒரு வரி சொன்னால் எத்தனை பேர் மண்டையை உடைக்காமல் தப்பியிருப்பினம்! அதே பிழையைத்தான் உதவிக்கு வாற அண்ணாமாரும் செய்கினம். ஓடிவந்து படபடவென்று எதையோ அடித்து, படம் வந்ததும் போய்விடுவினம். அடுத்த முறையும் நாங்கள் அவரைத்தான் தேட வேணும்.

"நாங்கள் ஆர்ட்ஸ்தானே, உது எங்களுக்கு விளங்காது" என்ற சாட்டையும் விடுவோம். ஒரு ஆவணத்தை ஆர் எழுதினது, எந்தப் பக்கம் காணாமல் போனது என்று வருசம் முழுக்கத் தேடுகிற ஆக்கள் நாங்கள். பதில் எந்த இடத்தில் அறுந்தது என்று தேடுவது எங்களுக்குப் புதிசில்லை.

எங்கட யோசனை சின்னது. ஒவ்வொரு விரிவுரை மண்டபத்துப் புரொஜெக்ரருக்குப் பக்கத்திலும் தமிழில் ஒரு தாள் ஒட்டுவோம். எந்த வயர் வேலை செய்யும், எந்த அளவு சரிவரும், ஏன் என்று நாலு வரி போதும். பிரசென்ரேசனுக்குக் கிடைக்கிற பத்து நிமிசமும் எங்கட பேச்சுக்கே இருக்கட்டும்.