சாவி யாரிடம் இருக்கிறது?

உறவினர் பையன் ஒருவன் கோவையில் ‘ஃபயர் அண்ட் சேஃப்டி’ படிக்கிறான். படித்து முடித்ததும் என்ன செய்யப் போகிறாய் என்றேன். “துபாய்ங்க மாமா” என்றான் தயங்காமல். அதில் பிழையேதுமில்லை. ஆனால், அவன் அம்மா வேலை பார்க்கும் பஞ்சாலையில் தீ எங்கிருந்து தொடங்கக்கூடும் என்ற கேள்விக்கு அவனிடம் விடையில்லை. எண்ணெய்க் கிணற்றுத் தீயைப் படித்திருக்கிறான். பஞ்சுத் தீயைப் படிக்கவில்லை.

1888இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கிய நாள் முதல் பஞ்சோடு வாழும் ஊர் இது. பேலுக்குள் சிக்கிவந்த ஒரு சிறு கம்பித்துண்டு, புளோரூமில் சுழலும் பற்களில் மோதிப் பொறி கிளப்பினால் போதும். காற்றுக்குழாயே அப்பொறியை அடுத்த இயந்திரத்துக்குக் கொண்டுசேர்த்துவிடும். பஞ்சிழையின் மேல் இயல்பாகவே மெழுகுப் படலம் உண்டு. ஆதலால் வெறும் நீர் பேலுக்குள் எளிதில் இறங்குவதில்லை. மேலே நனைந்து, உள்ளே கனன்று, அணைந்துவிட்டதென்று எல்லோரும் வீடு திரும்பிய பின் அது மீண்டும் பற்றும். கொங்கு நாட்டில் இந்தப் படிப்பின் முதல் அத்தியாயம் இதுவாகத்தான் இருக்கவேண்டும்.

இரண்டாவது அத்தியாயம் கதவைப் பற்றியது. 2001இல் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கருகினர். 2004இல் கும்பகோணத்தில் சமையலறைத் தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. 2012 செப்டம்பரில் கராச்சியின் ஆடை ஆலையொன்றில் மாண்டவர்கள் 250க்கும் மேல். வெளியேறும் வழிகள் பூட்டிக் கிடந்தன. திருப்பூரில் தைக்கப்படுவதும் அதே ஆடைகள்தாம். நம் ஆலை விடுதிகள் பலவற்றில் இரவானால் வெளிவாயிலைப் பூட்டும் வழக்கமும் உண்டு.

பெண் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவே பூட்டுகிறோம் என்பார்கள். அந்த அக்கறை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உள்ளிருந்து தள்ளினால் உடனே திறந்துகொள்ளும், வெளியிலிருந்து திறக்க முடியாத கதவுகள் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளன. அக்கறையையும் உயிரையும் ஒருசேரக் காக்கும் அந்த எளிய பொருளை நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்ல, விஷயம் தெரிந்த ஒருவர் அங்கே வேண்டும்.

நாகபுரியில் தேசியத் தீயணைப்புக் கல்லூரி 1950களிலிருந்தே இயங்குகிறது. அதிகாரிகளையும் பொறியாளர்களையும் உருவாக்க அது தேவை. ஆலையின் ஷிப்ட் மேஸ்திரியும் விடுதிக் காப்பாளரும் அங்கே போய்ப் படிக்க இயலாது. அவர்களுக்கு உரியது சமுதாயக் கல்லூரி. 1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் அத்தகைய கல்லூரிகள் தொடங்கியதன் நோக்கமே, உயர்கல்வி எட்டாதவர்களுக்கு உள்ளூர்த் தொழிலையொட்டிய கல்வியைத் தருவதுதான். அத்தகைய கல்லூரிகள் இப்பாடத்தை மாலை நேரத்தில், தமிழில் நடத்தவேண்டும் என்பதே என் கோரிக்கை.

தமிழில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ‘தீயணைப்பு’ என்ற சொல் நம் நாவில் பழகிவிட்டது. ‘தீக்காப்பு’ இன்னும் பழகவில்லை. முன்னது பற்றியெரிந்த பின் ஓடிவருவது. பின்னது பற்றுமுன்னே விழித்திருப்பது. பின்னதற்கான நூல்களைத் தமிழில் எழுதுவதும் இலக்கியம் படிக்கும் நம்மைப் போன்றோரின் பொறுப்பில் ஒரு பங்கு என்றே எண்ணுகிறேன்.

பையனுக்குத் துபாய் வாய்க்கட்டும். போவதற்கு முன் ஒருநாள் தன் அம்மாவின் ஆலை விடுதிக்குச் சென்று, இரவில் வெளிவாயில் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் அவன் கேட்டுவரட்டும்.