ஓங்கிலும் திருக்கையும்

சென்ற வாரம் வகுப்பில் நமக்கு ஒரு சிறு தோல்வி நேர்ந்தது. கரும்பலகையின் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் ஓங்கிலையும் மறுபக்கம் திருக்கையையும் நிறுத்தி, வித்தியாசங்களை எழுதிக்கொண்டிருந்தோம்.

ஓங்கில் மீனைப்போல் உருக்கொண்டதேயன்றி மீன் அன்று. நம்மைப்போல் உஷ்ண இரத்தமுள்ள பிராணி. உச்சந்தலையிலுள்ள துவாரத்தால் மூச்சு வாங்க நீர்மட்டத்துக்கு வந்தே தீரவேண்டும், குட்டிக்குப் பாலூட்டும். 2,300 ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் இதனை எழுதிவைத்தார். திருக்கையோ மெய்யான மீன், செவுள்களால் சுவாசிப்பது, எலும்புக்குப் பதில் குருத்தெலும்பால் அமைந்த உடல்.

கடைசியாக, "ஓங்கில் குட்டி போடும், திருக்கை முட்டையிடும்" என்று எழுதினோம். பின்வரிசையிலிருந்து மீனவர் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்தான். "இல்லை, ஸார். எங்க அப்பா திருக்கையை அறுத்தபோது வயிற்றிலே குட்டி இருந்தது. நானே பார்த்தேன்" என்றான்.

வகுப்பு சிரித்தது. நாமும் உட்காரச் சொல்லிவிட்டோம். இரவு புத்தகங்களைப் புரட்டியபோதுதான் பையன் சொன்னதே சரியென்று விளங்கிற்று. விஷமுள்ளுடைய திருக்கையின் முட்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிகிறது; கருப்பையின் சுவரில் சுரக்கும் பால் போன்ற திரவத்தைப் பருகியே குட்டி வளர்கிறது!

இன்னும் ஒரு விந்தை. ஓங்கில் ஒலி எழுப்பி, எதிரொலியால் இரையை அறிகிறது. திருக்கை, மணலுள் புதைந்த பிராணியின் சொற்ப மின்சாரத்தையும் உணர்கிறது. இரண்டுமே கண்ணை மட்டும் நம்பிப் பிழைப்பவை அல்ல.

ஆயினும் ஒன்றைக் கொஞ்சுகிறோம், மற்றொன்றுக்கு அஞ்சுகிறோம். கங்கை ஓங்கிலை 2009-ல் நமது தேசிய நீர்வாழ் பிராணியாக அறிவித்தனர். திருக்கையின் வால் முள்ளோ தற்காப்புக்கே. மிதித்தாலன்றி அது பெரும்பாலும் குத்துவதில்லை. சுறா, திருக்கை முதலான இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழியும் அபாயத்தில் உள்ளதாக 2021-ல் விஞ்ஞானிகள் கணித்தனர். வலைகள் மிகுதியாக வாரிச் செல்வதும், இவை சில குட்டிகளையே ஈனுவதும் அதற்குக் காரணம். அழகைக் கண்டு இரங்குவது எளிது. அறிந்து இரங்குவதே கல்வி.

மறுநாள் வகுப்பில் நம் தவற்றை ஒப்புக்கொண்டு அந்த வரியை அழித்தோம். சரியான வரியை எழுதச் சொல்லிச் சுண்ணாம்புக் கட்டியை அந்தப் பையன் கையில் கொடுத்தோம். இம்முறை எவரும் சிரிக்கவில்லை.